கம்பியிலும் ஒளியிலும் குரலை அனுப்பிய கிரகாம் பெல்

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புப் பிரிவு



நம்ம பிரிவில் சேர்ந்த யாரும் இந்த வேலையிலிருந்து தப்பித்திருக்க முடியாது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் காபி வருவதற்கு முன்னால் நெட் பிரச்சினை வந்துவிடும். ராவுட்டரை எங்கே வைக்கணும், கம்ப்யூட்டருக்கு வயர் இழுக்கணுமா, வைஃபையே போதுமா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். நாமும் ஏதோ பெரிய இன்ஜினியர் மாதிரி எழுந்துபோய்ப் பார்ப்போம். அந்த நீலக் கேபிளை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டு இரண்டாக முறுக்கப்பட்டு இருக்கும். அதை ஏன் முறுக்கினார்கள், முதலில் முறுக்கியது யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

அந்த முறுக்குக்கு 1881-ல் காப்புரிமை வாங்கியவர் வேறு யாருமில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் என்று சின்ன வகுப்பிலேயே நாம் மனப்பாடம் செய்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்தான். அதற்கு ஒரு வருடம் முன்பே கம்பியே இல்லாமல் ஒளிக்கற்றையில் மனிதக் குரலை அனுப்பிக் காட்டியவரும் அவரே. இன்று ஒரு வீட்டு நெட்வொர்க்கில் கம்பியும் உண்டு, கம்பியில்லாததும் உண்டு. இரண்டு பாதையிலும் 140 வருடத்துக்கு முன்பே நடந்து பார்த்த ஒரு மனிதரின் வாழ்க்கையை, அவருடைய பெருமையோடும் குறையோடும், எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

பெல் 1847-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். தாத்தா பேச்சுக் கலை ஆசிரியர். அப்பா மெல்வில் பெல்லும் அதே தொழில். வாயில் எந்த ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைப் படம் போன்ற குறிகளால் எழுதும் முறையை உருவாக்கி, 1867-ல் நூலாக வெளியிட்டவர் அவர். எங்க வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் எங்க அப்பா, அதுவும் ஐந்தாவது வரைக்கும்தான். அதனால் மூன்று தலைமுறையாக வாத்தியார் வீடு என்று படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாத்தியார் வீட்டுப் பிள்ளை பள்ளியில் பெரிய மார்க் வாங்கவில்லை. 15 வயதிலேயே பள்ளியை விட்டு வந்துவிட்டார். பிறகு லண்டனில் தாத்தாவிடம் ஒரு வருடம் தங்கிப் படித்ததுதான் அவரைத் திருப்பிப் போட்டது.

பெல்லின் அம்மா எலைசா அருமையாகப் பியானோ வாசிப்பவர். ஆனால் காது அநேகமாகக் கேட்காது. மற்றவர்கள் குழல் வைத்து அவர் காதில் கத்துவார்கள். சின்னப் பையன் பெல் மட்டும் அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெதுவாகப் பேசுவாராம், அதிர்வு அம்மாவுக்கு எட்டும் என்று. அதோடு விரல்களால் எழுத்துக்களைக் காட்டும் முறையையும் கற்றுக்கொண்டு, கூடத்தில் நடக்கும் பேச்சையெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரலாலேயே சொல்லித் தருவாராம். நண்பர்கள் இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளணும். பின்னால் இது தேவைப்படும்.

12 வயதில் நண்பன் வீட்டு மாவு மில்லில் கோதுமை உமி நீக்க ஒரு சுழலும் தூரிகைக் கருவி செய்து கொடுத்தார். அண்ணனோடு சேர்ந்து, துருத்தியால் காற்று ஊதினால் பேசுவது போல ஒலி எழுப்பும் பொம்மைத் தலை ஒன்றும் செய்தார். பட்டறை இருந்தால் பையன் தானாகப் படிப்பான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பிறகு துன்பம் வந்தது. 1867-ல் தம்பி எட்வர்டையும் 1870-ல் அண்ணன் மெல்வில்லையும் காசநோய் கொண்டுபோனது. மூன்று மகன்களில் மிஞ்சியவர் இவர் ஒருவர்தான், இவருக்கும் உடம்பு சரியில்லை. இருக்கிற ஒரு பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் 1870-லேயே கப்பல் ஏறிக் கனடாவில் பிரான்ட்ஃபோர்டு ஊருக்குப் பக்கத்தில் குடியேறினார்கள்.

ஆசிரியர் வேலையும் ஒரே கம்பியில் பல செய்தியும்

1871-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். 1873-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பகலில் பாடம், இரவில் ஆராய்ச்சி. அவருக்குப் பணம் கொடுத்து உதவிய சாண்டர்ஸ், ஹப்பர்ட் இருவருமே அவரிடம் படித்த பிள்ளைகளின் அப்பாக்கள். ஹப்பர்டின் மகள் மேபல், 5 வயதில் விஷக் காய்ச்சல் வந்து காது கேளாமல் போனவர். பின்னாளில் அவர்தான் பெல்லின் மனைவி ஆனார்.

அந்தக் காலத்தில் தந்திக் கம்பி விலை அதிகம், செய்திகளோ குவிந்து கிடந்தன. ஒரே கம்பியில் பல செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்ப முடியுமா என்பதுதான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. பெல்லின் யோசனை இசையிலிருந்து வந்தது. நாதஸ்வரமும் தவிலும் ஒரே காற்றில்தான் வருகின்றன, ஆனாலும் காது இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்கிறது இல்லையா? அதுபோல ஒவ்வொரு செய்தியையும் ஒவ்வொரு சுருதியில் அனுப்பினால், அந்தப் பக்கம் அதே சுருதிக்கு வைத்த நாக்கு மட்டும் அதிரும் என்று நினைத்தார். இன்று ஒரே காற்றில் பல வீட்டு வைஃபைகள் வேறு வேறு சேனலில் ஓடுவதும் இந்த அடிப்படையில்தான்.

ஆனால் பெல்லுக்கு ஒலி தெரிந்த அளவு மின்சாரம் தெரியாது. 1875-ல் வாஷிங்டனில் ஜோசப் ஹென்றி என்ற மூத்த விஞ்ஞானியைப் பார்த்து, தனக்கு மின்சார அறிவு போதாது என்று சொல்லியிருக்கிறார். தெரியாவிட்டால் போய்த் தெரிந்துகொள் என்பதுதான் ஹென்றி சொன்னதன் சாரம். டிப்ளமோ படிக்கும் நமக்கும் இதே பதில்தான். தாமஸ் வாட்சன் என்ற பட்டறைத் தொழிலாளி பெல்லுக்குக் கை கொடுத்தார். யோசனை பெல்லுடையது, அதைக் கருவியாக்கிய கை வாட்சனுடையது.

1875 ஜூன் 2-ஆம் நாள் ஒரு கருவியின் நாக்கு ஒட்டிக்கொண்டது. வாட்சன் அதை விரலால் தட்டிவிட்டார். வேறு அறையில் இருந்த பெல்லின் கருவியில் அந்தத் தட்டலின் ஒலி அப்படியே கேட்டது. வேறொருவராக இருந்தால் ரிப்பேர் என்று விட்டிருப்பார். ஒலியின் வடிவத்தையே கம்பி கொண்டுவருகிறது என்று பெல் அந்த இடத்திலேயே புரிந்துகொண்டார்.

1876-ஆம் ஆண்டு

1876 பிப்ரவரி 14-ஆம் நாள் பெல் சார்பில் காப்புரிமை விண்ணப்பம் போடப்பட்டது. அதே நாளில் எலிஷா கிரே என்பவரும் அதுபோன்ற கருவி பற்றி மனுச் செய்தார். மார்ச் 7-ல் 174465 என்ற எண்ணுள்ள காப்புரிமை பெல்லுக்குக் கிடைத்தது. மூன்று நாள் கழித்து மார்ச் 10-ல் அடுத்த அறையிலிருந்த வாட்சனைக் கருவி வழியாகக் கூப்பிட்டார், வாட்சன் ஓடி வந்தார். அப்போது பெல்லுக்கு வயது 29.

இந்தக் காப்புரிமையை எதிர்த்து ஏறக்குறைய 600 வழக்குகள் நடந்தன. 1888-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல் பக்கம் தீர்ப்பளித்தது. இத்தாலியிலிருந்து வந்த அன்டோனியோ மெயூச்சி இதற்கு முன்பே இதில் உழைத்தவர் என்று 2002-ல் அமெரிக்க மக்கள் சபை தீர்மானம் போட்டு மரியாதை செய்தது. ஒரு கண்டுபிடிப்பு ஒரே தலையில் முளைப்பதில்லை என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

1877 ஜூலையில் பெல் தொலைபேசிக் கம்பெனி தொடங்கியது. அதே மாதம் 11-ஆம் நாள் மேபலைத் திருமணம் செய்தார். தன்னிடம் இருந்த 1497 பங்குகளில் 10 மட்டும் வைத்துக்கொண்டு, மீதி 1487-ஐயும் மனைவிக்கே திருமணப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

ஒளியில் வந்த குரல்

1880-ல் பிரான்ஸ் அரசு பெல்லுக்கு வோல்டா பரிசாக 50,000 பிராங்க் வழங்கியது. அவர் அதை ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் போட்டார். உதவிக்கு சம்னர் டெய்ன்டர் என்பவர் இருந்தார்.

அவர்கள் செய்த கருவியின் பெயர் போட்டோபோன், அதாவது ஒளிபேசி. மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றின் பின்னால் நின்று பேசினால் குரலுக்கு ஏற்றபடி தகடு வளையும். அதில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி அதற்கேற்பக் கூடும், குறையும். அந்தப் பக்கம் குழிந்த ஆடி ஒன்று ஒளியைச் சேர்த்து செலினியம் மேல் விழச் செய்யும். வெளிச்சம் கூடினால் செலினியத்தின் மின்தடை குறையும். அதோடு பாட்டரியும் தொலைபேசிக் காதுக்குழலும் சேர்த்தால் ஒளி மறுபடியும் குரலாகும்.

1880-ல் வாஷிங்டனில் ஃபிராங்ளின் பள்ளிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து டெய்ன்டர் பேசினார். சுமார் 213 மீட்டர் தள்ளி இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பெல் காதில் குழலை வைத்திருந்தார். கேட்கிறது என்றால் ஜன்னலுக்கு வந்து தொப்பியை ஆட்டும்படி டெய்ன்டர் சொன்னாராம், பெல் வந்து ஆட்டினாராம். உலகத்தின் முதல் கம்பியில்லாத் தொலைபேசிப் பேச்சு இதுதான். அந்த வருடம் பிறந்த மகளுக்குப் போட்டோபோன் என்றே பெயர் வைக்கலாம் என்று பெல் ஆசைப்பட்டதாகவும், நல்லவேளையாக மேபல் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்வார்கள்.

ஆனால் மேகம் வந்தால் பேச்சு நின்றுவிடும். மழை, மூடுபனி எது வந்தாலும் கதை முடிந்தது. அதனால் யாரும் அதை வாங்கவில்லை. தொலைபேசியை விட இதுதான் தன் பெரிய கண்டுபிடிப்பு என்று பெல் கடைசிவரை நம்பினார். 1960-ல் லேசர் வந்தது. 1970-ல் ஒளியை வெகுதூரம் வீணாகாமல் கொண்டுபோகும் கண்ணாடி இழை வந்தது. இனி ஒளி மழையில் நனையாது, கண்ணாடிக்குள்ளேயே போகும். இன்று நம் தெருவில் போஸ்ட் கம்பத்தில் சுருட்டித் தொங்கும் கறுப்பு ஃபைபர் கேபிளில் ஓடுவது ஒளிதான். வீட்டுச் சுவரில் மாட்டியுள்ள பெட்டி அதை மின்சாரமாக மாற்றுகிறது. இது போட்டோபோனின் பேரப்பிள்ளை என்றால் மிகையாகாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லணும். வைஃபை பெல்லின் கண்டுபிடிப்பு அல்ல. ரேடியோ அலையை 1880-களின் கடைசியில் ஹெர்ட்ஸ் நிரூபித்தார். 1895-ல் நம்ம ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் அதைக்கொண்டு தூரத்தில் மணி அடித்துக் காட்டினார். மார்க்கோனி அதை வியாபாரமாக்கினார். வைஃபைக்கான முதல் தரநிலை 1997-ல்தான் வந்தது. ஆனால் ஒளியும் ரேடியோவும் ஒரே குடும்பத்து மின்காந்த அலைகள்தான். குரலைக் கம்பியில்லாமல் அந்த அலைமேல் ஏற்றலாம் என்று முதலில் செய்து காட்டியவர் பெல்.

முறுக்கிய கம்பி

ஆரம்ப காலத் தொலைபேசிக்கு ஒரே ஒரு இரும்புக் கம்பிதான். திரும்பி வரும் மின்னோட்டத்துக்குப் பூமியே பாதை. அதே கம்பத்தில் தந்திக் கம்பியும் போகும். பேசும்போது நடுவில் தந்தியின் கட்டுக்கடா சத்தம் கேட்கும், பக்கத்துக் கம்பியில் பேசும் ஆளின் ரகசியமும் கேட்கும். நாம் கிராஸ்டாக் என்று பரீட்சையில் எழுதுகிறோமே, அது அன்று உண்மையிலேயே ஊர்வம்பாக இருந்தது.

இதற்குப் பெல் சொன்ன மருந்து எளிமையானது. பூமியை விடு, போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டு போடு. இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கு. முறுக்கினால் வெளியிலிருந்து வரும் தொல்லைக்கு ஒரு இடத்தில் இந்தக் கம்பி பக்கம், அடுத்த இடத்தில் அந்தக் கம்பி பக்கம். மொத்தத்தில் இரண்டிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறும். கேட்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடைக்கல்லைப் போட்டால் முள் நகருமா? இரைச்சல் அப்படியே அடிபட்டுப் போகும். 1881 ஜூலை 19-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அந்த மாதம் பெல்லுக்கு எப்படிப்பட்ட மாதம் தெரியுமா? ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. பெல் இரவு பகலாக உட்கார்ந்து உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று செய்துகொண்டு போனார். கருவி சரியாக வேலை செய்தும் குண்டு அகப்படவில்லை. கட்டிலின் இரும்புச் சுருள்கள் கெடுத்தன என்கிறார்கள். செப்டம்பரில் ஜனாதிபதி இறந்தார். இதற்கு நடுவில் ஆகஸ்டில் பெல்லுக்குப் பிறந்த ஆண் குழந்தை மூச்சு விட முடியாமல் பிறந்த அன்றே இறந்தது. துக்கத்தில் முடங்காமல், மூச்சு விட உதவும் உறைக்கருவி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார் பெல்.

எங்க வீட்டு நெட்வொர்க்

படித்ததைச் சொந்தக் கையால் செய்து பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எங்களுடையது பழைய ஓட்டு வீடு, மண் சுவர், ஒன்றரை அடி கனம். முன்வாசலில் ஃபைபர் பெட்டியும் ராவுட்டரும். பின்கட்டு அறையில் நான் படிக்க வாங்கிய பழைய கம்ப்யூட்டர். அதற்கும் பின்னால் அதே வளவில் பெரியம்மா வீடு. மண் சுவரைத் தாண்டுவதற்குள் வைஃபை களைத்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனால் சுவருக்குப் பயப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவாக வந்தாலும் சுவரைக் கொஞ்சம் துளைக்கும்.

அதனால் நகராத பொருளுக்குக் கம்பி, கையோடு போகும் பொருளுக்கு வைஃபை என்று பிரித்தேன். கேட் 6 கேபிள் வாங்கி முன்வாசலிலிருந்து பின்கட்டுக்கு இழுத்தேன். ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர் வரை இழுக்கலாம், எங்களுக்கு அதில் கால் பங்குகூட ஆகவில்லை. அப்பா கொத்தனார். சுவரில் ஓட்டை போடும் வேலையை என்னிடம் விடாமல் அவரே செய்தார், மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக.

முனையில் ஆர்.ஜே. 45 மாட்டும்போது நிற வரிசை முக்கியம். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே வரிசை வந்தால் போதுமே, எந்த நிறமாக இருந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். போதாது. 3-ஆம் 6-ஆம் ஊசிக்கு ஒரே பச்சை இணை போகவேண்டும். இணையைப் பிரித்து வேறு வேறு இணையிலிருந்து எடுத்தால் லைட் எரியும், ஆனால் பெல் சொன்ன தராசு கெட்டுப்போகும், வேகம் விழும். முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். நாலு இணைகளும் நாலு விதமான நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருப்பதும், ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குள் போகாமல் இருக்கத்தான். இதைப் பார்த்த அம்மா, நூலுக்கும் முறுக்கு சரியாக விழுந்தால்தான் பலம் என்றார். அம்மா ஸ்பின்னிங் மில்லில் 11 வருடம் வேலை பார்த்தவர்.

பெரியம்மா வீட்டுக்கும் ஒரு கேபிள் இழுத்து, அங்கே ஒரு பழைய ராவுட்டரை மாட்டினேன். முகவரி வழங்கும் வேலையை அதில் நிறுத்திவிட்டு, அதன் முகவரியையும் மாற்றி, வயரை லேன் துளையில் சொருகினால் அது வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக மாறிவிடும். பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. சேனல் மட்டும் முன்வாசலில் 1, பின்னால் 11. ஒன்றோடொன்று மோதாது.

பெல்லின் மறுபக்கம்

பெரியம்மாவுக்கு எதற்கு வைஃபை என்று நீங்கள் கேட்கலாம். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். பிறவியிலேயே காது கேட்காது. கையால்தான் பேசுவார். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால் போடுவார். நமக்கெல்லாம் படம் நின்றாலும் குரல் வந்தால் பேச்சு நடக்கும். அண்ணனுக்குப் படம் நின்றால் கை பாதியில் நின்றுவிடும், வார்த்தை போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து சொல்லணும். வளவில் சிக்னல் தேடி பெரியம்மா போனைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்துத்தான் நான் அந்த இரண்டாவது பெட்டியை வைத்தேன்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. பெல் தன்னைக் காதுகேளாதோரின் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதைத்தான் விரும்பினார். பார்வையும் காதும் இழந்த ஹெலன் கெல்லரின் குடும்பத்துக்கு வழி காட்டியதும் அவர்தான். ஆனால் கை மொழியை அவர் எதிர்த்தார். காது கேளாத பிள்ளைகள் உதட்டைப் பார்த்துப் புரிந்து, வாயால் பேசியே ஆகவேண்டும் என்றார். கை மொழி அவர்களைத் தனிக் கூட்டமாக்கிவிடும் என்று நினைத்தார். 1883-ல் தேசிய அறிவியல் கழகத்தில் படித்த கட்டுரையில், காது கேளாதோர் தங்களுக்குள் திருமணம் செய்வதைக் குறைக்கணும் என்றும், காது கேளாத ஆசிரியர்களும் தனி விடுதிப் பள்ளிகளும் வேண்டாம் என்றும் எழுதினார்.

1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடும் கை மொழிக்கு எதிராகத் தீர்மானம் போட்டிருந்தது. பெல் மாதிரி புகழ் பெற்றவரின் வார்த்தையும் அந்தப் பக்கம் சேர்ந்தது. அதன் பலனாக, பல நாடுகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பில் கையை அசைத்தால் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை, வான்கூவர் மாநாடு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்மாவோடு விரலால் பேசிய பிள்ளை எப்படி இந்த முடிவுக்கு வந்தார் என்பது எனக்கு விளங்கவே இல்லை. கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். நல்லது செய்கிறோம் என்று முழுமனதாக நம்பித்தான் செய்தார். அதனால்தான் எனக்கு அது இன்னும் பயமாக இருக்கிறது. அவர் கண்டுபிடித்த முறுக்குக் கம்பியிலும், அவர் கனவு கண்ட ஒளிப்பாதையிலும், அவர் வேண்டாம் என்ற கை மொழி இன்று தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்க அண்ணன் கையும் அதில் ஒன்று.

கடைசி நாட்கள்

வயதான காலத்தில் பெல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பட்டெக் என்ற ஊருக்கு அருகே தங்கினார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. 1909 பிப்ரவரி 23-ல் அவருடைய குழுவின் சில்வர் டார்ட் விமானம் உறைந்த ஏரியின் மேல் பறந்தது. 1919-ல் அவர் குழு செய்த படகு மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்தது. 1915 ஜனவரி 25-ல் நியூயார்க்கிலிருந்து பெல்லும் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வாட்சனும் பேசி, கண்டத்தின் இரண்டு கரைகளை இணைக்கும் தொலைபேசி வழியைத் தொடங்கி வைத்தார்கள். அடுத்த அறையில் தொடங்கிய பேச்சு 39 வருடத்தில் கடற்கரை தாண்டிக் கடற்கரைக்குப் போய்விட்டது.

1922 ஆகஸ்ட் 2-ஆம் நாள், 75-ஆம் வயதில், சர்க்கரை நோய் முற்றிப் பெல் காலமானார். பக்கத்தில் மேபல் இருந்தார். தன்னை விட்டுப் போகவேண்டாம் என்று அவர் கெஞ்சியபோது, பேச முடியாத நிலையில் இருந்த பெல், இல்லை என்பதைக் கையால்தான் காட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். உலகத்துக்குக் குரலைக் கொடுத்தவரின் கடைசி வார்த்தை கையால் வந்தது. அடக்கத்தின்போது வட அமெரிக்காவில் தொலைபேசிகள் அனைத்தும் ஒரு நிமிடம் மௌனமாக்கப்பட்டன.

நாம் கற்க வேண்டியது

நண்பர்களே, பெல்லிடம் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு படித்தார். ரிப்பேரான கருவியில் வந்த சின்னச் சத்தத்தைக்கூட விடவில்லை. பரிசுப் பணத்தைப் பட்டறையில் போட்டார். யாரும் வாங்காத போட்டோபோனைக் கடைசிவரை கைவிடவில்லை, காலம் அவருக்கு 100 வருடம் கழித்துப் பதில் சொன்னது.

விட வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நாளைக்கு நாம் டிப்ளமோ முடித்து, யார் வீட்டுக்காவது வயர் இழுப்போம், ஏதாவது ஆபீசுக்கு நெட்வொர்க் போடுவோம். இதுதான் உங்களுக்கு நல்லது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது சுலபம். அந்தப் பெட்டியைப் பயன்படுத்தப் போகிறவர் யார், எந்த மூலையில் உட்கார்ந்து, யாரோடு, எப்படிப் பேசப் போகிறார் என்று முதலில் கேட்போம். வாயால் சொல்ல முடியாதவர் என்றால் அவர் கையைப் பார்ப்போம். அதன் பிறகு கேபிளை அளந்து வெட்டுவோம்.

வாழ்க தொழில்நுட்பம்! வளர்க நம் மாணவர் பேரவை!